கம்யூனிட்டி காலேஜில் இன்டீரியர் டிசைனும் கட்டடக்கலையும்: புதிதாகச் சேர்கிறவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரி) ஒரு வரைபட வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரப் பாடம், குடியிருக்கும் அப்பார்ட்மென்டின் பிளானைக் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற அளவில் வரைந்து வருவது. அறைகளை உள்ளே இருந்து டேப்பால் அளந்தேன். சுவரை அளக்கத் தோன்றவில்லை. சுவர் என்றால் ஒன்பது அங்குலம்தானே, அதைப் போய் யார் அளப்பார்கள்? அப்படியே போட்டுவிட்டேன். ஆசிரியை என் தாளின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "கோட்டையா கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார்.

இங்கே சாதாரண உட்சுவர் நாலரை அங்குலம். "டூ பை ஃபோர்" மரச்சட்டங்களைச் செங்குத்தாக, மையத்துக்கு மையம் 16 அங்குலம் விட்டு நிறுத்துகிறார்கள். பெயர்தான் டூ பை ஃபோர். அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். இரண்டு பக்கமும் அரை அங்குல டிரைவால் என்ற ஜிப்சம் பலகை. கூட்டினால் நாலரை. என் பிளானில் குறுக்கே நான்கு உட்சுவர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நாலரை அங்குலம் கூடுதல். வீடு மொத்தம் ஒன்றரை அடி நீண்டு, வெளியே நடைபாதையில் அளந்த அளவோடு ஒத்துப்போகவே இல்லை. அந்த ஒன்றரை அடி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு இரவு போனது.

இப்படிப் பல இரவுகள் போகும். அவற்றில் சிலவற்றை நீங்கள் மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளியே போகும் வாசலை முதலில் பாருங்கள்

கம்யூனிட்டி காலேஜில் சேருவது எளிது. பெரும்பாலும் நுழைவுத் தேர்வு இல்லை, போட்டி இல்லை, விண்ணப்பித்தால் இடம் உண்டு. உள்ளே வருவது இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலரும் எதற்காக வந்தோம் என்று யோசிக்காமலே இரண்டு வருடம் கழித்துவிடுகிறார்கள். படிப்புப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால், கடைசியில் எந்த வேலையில் போய் நிற்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஏனென்றால் ஒன்றுபோலத் தோன்றும் வேலைகளுக்கு இந்த நாட்டில் தனித்தனிச் சட்டம், தனித்தனித் தேர்வு.

வண்ணம், திரைச்சீலை, சோபா, விளக்கு என்று வீட்டை அழகுபடுத்தும் டெகரேட்டர் வேலைக்கு உரிமம் கிடையாது. ஒரு சான்றிதழ்ப் படிப்பும் நல்ல கண்ணும் போதும். சமையலறை, குளியலறை மட்டும் வடிவமைப்பது இங்கே தனித் தொழில், அதற்கென்று என்.கே.பி.ஏ. என்ற சங்கம் தனிச் சான்றிதழ்கள் தருகிறது. சீக்கிரம் சம்பாதிக்க நினைப்பவர்கள் இதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கை வைப்பது சமையலறையில்தான்.

இன்டீரியர் டிசைனர் என்பது அடுத்த நிலை. அலுவலகம், மருத்துவமனை, உணவகம் போன்ற இடங்களில் சுவர்களை நகர்த்துவது, அவசர வழிகளைக் கணக்கிடுவது, தீப்பிடிக்காத பொருள்களைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் இதில் வரும். இதற்கான தேர்வு என்.சி.ஐ.டி.கியூ. அதை எழுத இளங்கலைப் பட்டம் இருந்தே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு வருட அசோசியேட் பட்டத்தோடும் எழுதலாம். ஆனால் அதில் இன்டீரியர் டிசைன் பாடங்கள் மட்டும் குறைந்தது 40 செமஸ்டர் கிரெடிட் இருக்க வேண்டும் (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் எண்). குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரியானால் 60. அதன்பின் பல ஆயிரம் மணி நேர வேலை அனுபவம். இன்டீரியர் பாடங்களே 60 செமஸ்டர் கிரெடிட் இருந்தால் அதைவிடக் குறைந்த அனுபவம் போதும்.

இந்த 40 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேட் பட்டம் மொத்தமே சுமார் 60 கிரெடிட்தான். அதில் ஆங்கிலம், கணிதம், வரலாறு என்று பொதுப் பாடங்கள் ஒரு பங்கு போய்விடும். சில கல்லூரிகளின் பட்டத்தில் இன்டீரியர் பாடங்கள் 30 கிரெடிட்டைத் தாண்டாது. பட்டம் வாங்கிய பிறகு பத்து கிரெடிட் குறைகிறது என்று தெரிந்தால் வயிறு எரியும். சேரும் முன்பே பாடத்திட்டத்தை அச்செடுத்து, பென்சிலால் கூட்டிப் பாருங்கள்.

கட்டடக்கலைஞர் ஆக வேண்டுமானால் பாதை நீளம். பெரும்பாலான மாநிலங்கள், கட்டடக்கலைப் படிப்புகளை மதிப்பிடும் என்.ஏ.ஏ.பி. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பட்டத்தைக் கேட்கின்றன. அந்த அங்கீகாரம் பி.ஆர்க்., எம்.ஆர்க்., டி.ஆர்க். ஆகிய பட்டங்களுக்கு மட்டுமே. இரண்டு வருடப் பட்டம் எதற்கும் கிடையாது. ஆகவே கம்யூனிட்டி காலேஜ் உங்களுக்குப் பாதி வழி. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி, பட்டம் முடித்து, 3,740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்து, ஆறு பகுதித் தேர்வும் எழுத வேண்டும். காலிஃபோர்னியா மாதிரிச் சில மாநிலங்களில் அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாமலும் வழி உண்டு: படிப்பும் அனுபவமும் சேர்த்து ஐந்து ஆண்டுக் கணக்கு காட்டினால் தேர்வுக்குள் போகலாம், உரிமத்துக்கு எட்டு ஆண்டு. ஊரில் ஏற்கெனவே பி.ஆர்க். படித்தவர்கள் தயவுசெய்து மறுபடி முதலாம் ஆண்டில் உட்காராதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. முதலில் அதை விசாரியுங்கள்.

விசாவும் பணமும்

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருப்பவர்கள் தனி அனுமதி எதுவும் இல்லாமல் படிக்கலாம், ஒரே ஒரு வகுப்பு எடுத்தாலும் சரி. ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு இன்டர்ன்ஷிப் செய்யக்கூடாது. பல பாடத்திட்டங்களில் கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் கட்டாயம். அதற்குப் பதில் வேறு என்ன செய்யலாம் என்று துறைத்தலைவரிடம் முதல் வருடமே கேட்டுவிடுங்கள். எஃப்-1 மாணவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்த மாமியாரோ மைத்துனியோ "நானும் கூட வந்து படிக்கிறேனே" என்றால், முடியாது. அந்த விசாவில் படிப்பில் சேர அனுமதி இல்லை.

கட்டணம், நீங்கள் அந்த மாநிலத்துக் குடியிருப்பாளராகக் கணக்கிடப்படுகிறீர்களா என்பதைப் பொறுத்தது. காலிஃபோர்னியாவில் குடியிருப்பாளருக்கு யூனிட்டுக்கு (அங்கே கிரெடிட்டுக்கு அந்தப் பெயர்) 46 டாலர். மூன்று யூனிட் வகுப்பு 138 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள். குடியிருப்பாளர் இல்லையென்றால் இது பல மடங்காகும். அங்கே வகுப்பு தொடங்கும் முன் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும் என்பது விதி; வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வரித்தாள் ஆகியவற்றில் உள்ள தேதிகள்தான் சாட்சி. குடியேறி எட்டு மாதம் ஆகியிருந்தால், அடுத்த செமஸ்டர் வரை காத்திருப்பது லாபம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் ஃபாஃப்ஸா என்ற கூட்டாட்சி உதவித்தொகை விண்ணப்பத்தைக் கட்டாயம் போடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசினுடையது அல்ல. எச்-4, எஃப்-1 காரர்களுக்கு அந்த உதவி இல்லை.

ஊரில் ஏதாவது ஒரு பட்டம் முடித்திருந்தால் மதிப்பெண் பட்டியலை அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றில் மதிப்பீடு செய்து கொடுங்கள். பொதுப் பாடங்களில் பலவற்றை மறுபடி படிக்க வேண்டியிருக்காது. எனக்கு அப்படித்தான் ஒரு வருடம் மிச்சமானது.

எந்தக் கல்லூரி, எந்த வரிசையில்

இன்டீரியர் அல்லது கட்டடக்கலைப் பாடங்கள் எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் இருக்காது. காலிஃபோர்னியாவில் கன்யாடா, வெஸ்ட் வேலி, ஆரஞ்ச் கோஸ்ட், மேரிலாந்தில் மான்ட்கோமரி, ஃபுளோரிடாவில் மியாமி டேட், டெக்சாஸில் ஹூஸ்டன் என்று பல இடங்களில் இந்தத் துறைகள் நடக்கின்றன. இணையதளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். செமஸ்டர் முடியும் வாரத்தில் ஒரு மாலை நேரே போய், ஸ்டூடியோ சுவரில் மாணவர்களின் வேலை தொங்குகிறதா என்று பாருங்கள். சுவர் காலியாக இருந்தால் வேறு கல்லூரி தேடுவேன்.

சேர்ந்ததும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். ஒருவர் பொது ஆலோசகர். இவருக்குப் பட்டத்தின் விதிகள் தெரியும். இன்னொருவர் துறை ஆசிரியர். எந்த ஸ்டூடியோ (வரைந்தும் மாடல் செய்தும் பழகும் வகுப்பு) எந்தப் பருவத்தில் மட்டும் நடக்கிறது என்பது இவருக்குத்தான் தெரியும். பல கல்லூரிகளில் முதல் ஸ்டூடியோ இலையுதிர்ப் பருவத்தில் மட்டும் வரும். இரண்டாவது ஸ்டூடியோவுக்கு முதலாவது முன்நிபந்தனை, மூன்றாவதுக்கு இரண்டாவது. ஒரு கண்ணி தவறினால் ஒரு வருடம் போச்சு. நான் ஆலோசகர் சொன்னதை மட்டும் நம்பி வரைபட வகுப்பை வசந்தத்துக்குத் தள்ளிவிட்டுப் பிறகு எட்டு மாதம் சும்மா இருந்தேன்.

பதிவு தொடங்கும் நாளன்று காலையிலேயே கணினி முன் உட்காருங்கள். இடம் நிரம்பிவிட்டது என்றாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்து, முதல் வகுப்புக்கு நேரில் போய் நில்லுங்கள். முதல் நாள் வராதவர்களின் இடத்தை ஆசிரியர்கள் வந்து நிற்பவர்களுக்குக் கொடுப்பது வழக்கம்.

முதல் செமஸ்டரில் ஒரு வரைபட வகுப்பு, ஒரு விரிவுரை வகுப்பு. அவ்வளவுதான். மூன்று கிரெடிட் ஸ்டூடியோ என்றால் வாரம் மூன்று மணி நேரம் என்று எண்ண வேண்டாம். வகுப்பே ஆறு மணி நேரம் இருக்கும், வீட்டில் இன்னும் அதைவிட அதிகம். இரண்டு ஸ்டூடியோக்களைச் சேர்த்து எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். நவம்பருக்குள் இரண்டையும் விட்டுவிட்டார். விடுவதானால் அதற்குரிய தேதிக்குள் விடுங்கள். தேதி தாண்டினால் பணமும் போகும், மதிப்பெண் பட்டியலில் தழும்பும் விழும்.

கையில் என்ன வேண்டும்

கடைசி நேரக் கூட்டத்தில் கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்காதீர்கள். முக்கோண ஆர்க்கிடெக்ட் ஸ்கேல் ஒன்று வேண்டும். எஞ்சினியர் ஸ்கேலும் பார்க்க அதேபோல இருக்கும், பத்தின் மடங்குகளில் கோடு போட்டிருந்தால் அது வேண்டாம். 4எச், 2எச், எச்பி பென்சில்கள்: முதலாவது லேசான வழிகாட்டிக் கோடுகளுக்கு, கடைசியாகச் சொன்னது பிளானில் வெட்டுப்பட்டதாகக் காட்டும் சுவர்களுக்கு. மஞ்சள் டிரேசிங் தாள் ஒரு சுருள். அதைக் கஞ்சத்தனம் பார்க்காமல் கிழியுங்கள்; பழைய பிளான் மேல் புதுத் தாள் போட்டு, நல்லதை மட்டும் எடுத்து வரைந்து, மறுபடி அதன் மேல் இன்னொன்று. யோசனை இப்படித்தான் வளரும்.

மாடல் செய்ய 11-ஆம் எண் பிளேடு, அடியில் கார்க் ஒட்டிய எஃகு ஸ்கேல், வெட்டுப்பாய். ஃபோம் போர்டை ஒரே இழுப்பில் வெட்ட நினைப்பவர்களின் விளிம்பு எலி கடித்தது போல இருக்கும். மூன்று இழுப்பு: முதலாவது மேல்தாளை மட்டும் கீற, இரண்டாவது நடுவிலுள்ள நுரையை, மூன்றாவது அடித்தாளை. கத்தியைச் சாய்க்காமல், உடலை நகர்த்தி இழுக்க வேண்டும். பிளேடு மழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். விரலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் மழுங்கிய பிளேடுதான், ஏனென்றால் அதைத்தான் பலம் போட்டு அழுத்துவோம்.

மடிக்கணினி வாங்கும்போது ஒரே விஷயம்: கட்டடம் வரையும் ரெவிட் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அழகாக இருக்கிறதே என்று மேக் வாங்கிவிட்டு, இரவு பத்து மணி வரை கல்லூரிக் கணினி அறையில் தவம் கிடந்தவர்கள் என் வகுப்பில் மூன்று பேர். ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்கு இலவசம். கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்தால் ஒரு வருட உரிமம், வருடாவருடம் புதுப்பிக்கலாம். காசு கொடுத்து வாங்கிவிட வேண்டாம்.

பாடங்களில் எதை விடக்கூடாது

படம் பளபளவென்று வரும் மென்பொருள் வகுப்புகளுக்குத்தான் கூட்டம் அலைமோதும். என் கருத்தில் வேலை வாங்கித் தருவது விதிகளும் கட்டுமான முறைகளும் சொல்லித்தரும் அலுப்பூட்டும் வகுப்புகள். பதினாறு அங்குலத்துக்கு ஒரு சட்டம் என்பது தெரிந்தவர், கனமான அலமாரியை மாட்டும் இடத்தில் டிரைவாலுக்குப் பின்னால் குறுக்கு மரம் வைக்கச் சொல்லி பிளானிலேயே குறித்துவிடுவார். தெரியாதவருடைய அலமாரி ஒரு நாள் தரையில் கிடக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டு ஏ.டி.ஏ. சட்டத்தின் அளவுகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். கதவைத் திறந்தால் 32 அங்குலம் தடையில்லாத வழி. சாய்தளம் ஓர் அங்குலம் உயர 12 அங்குலம் நீளம். சக்கர நாற்காலி திரும்ப 60 அங்குல விட்டமுள்ள வட்டம். கால் அங்குல ஸ்கேலில் இந்த வட்டம் ஒன்றேகால் அங்குலம். மஞ்சள் தாளில் அந்த அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி என் பென்சில் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பொதுக் கழிவறை எதை வரைந்தாலும் அந்த வட்டத்தை பிளான் மேல் வைத்து நகர்த்திப் பார்ப்பேன். கைகழுவும் தொட்டியின் காலிலோ தடுப்பிலோ இடித்தால் மறுபடி வரைய வேண்டும். தனி வீடுகளுக்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆனாலும் வயதான பெற்றோருக்காக வீட்டை மாற்றச் சொல்லி வருகிறவர்களுக்கு வரையும்போது அந்த வட்டம் டப்பாவிலிருந்து வெளியே வந்துவிடும்.

சமையலறைக்கும் இப்படி எண்கள் உண்டு. அடுப்பு, தொட்டி, குளிர்பதனப் பெட்டி மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றும் நான்கடிக்குக் குறையாமல் ஒன்பதடிக்கு மிகாமல், மொத்தம் 26 அடிக்குள். ஒருவர் சமைத்தால் நடைவழி 42 அங்குலம், இரண்டு பேர் என்றால் 48. இவை சட்டம் அல்ல, தொழிலில் ஏற்றுக்கொண்ட அளவுகள். உங்கள் சமையலறையையே டேப்பால் அளந்து பாருங்கள். உங்களுக்கு ஏன் எப்போதும் கால் வலிக்கிறது என்று தெரிந்தாலும் தெரியலாம்.

சுவரில் மாட்டி, எதிரே நிற்கும் நாள்

ஸ்டூடியோவில் தேர்வு கிடையாது. அதற்குப் பதில் கிரிட். வரைபடங்களைச் சுவரில் குத்திவிட்டு, ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் நிபுணர்களும் எதிரே உட்கார்ந்திருக்க, உங்கள் திட்டத்தை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் இங்கேதான் தடுமாறுகிறோம். ஆசிரியர் குறை சொன்னால் தலையாட்டிக் கேட்டுப் பழகிய நமக்கு, "இல்லை, கதவை இங்கே வைத்ததற்குக் காரணம் இது" என்று பதில் சொல்வது மரியாதைக் குறைவு போலத் தோன்றும். இங்கே அவர்கள் எதிர்பார்ப்பதே அந்தப் பதிலைத்தான். வாய் திறக்காதவருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

"நேரம் போதவில்லை, மன்னியுங்கள்" என்று தொடங்காதீர்கள். அதைச் சொன்னதும் எல்லோரும் முடியாத இடத்தைத்தான் தேடுவார்கள். யார் வரப்போகிறார்கள் இந்த இடத்துக்கு, எந்தப் பக்கமிருந்து நுழைகிறார்கள், முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்று தொடங்கி, பிளான் மேல் விரலை வைத்து நடத்திக் காட்டுங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே முதல் கிரிட்டுக்குப் போனேன். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, என் மாடிப்படிதான் மாட்டியது. ஒரு படியின் உயரம் எட்டரை அங்குலம் வைத்திருந்தேன், வீடுகளுக்கான விதித்தொகுப்பு ஏழேமுக்காலுக்கு மேல் விடாது. எதிரே நிற்கும்போது சொல்வது எதுவும் காதில் ஏறாது. பக்கத்து மேசைக்காரரிடம் நோட்டைக் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் முறை வரும்போது நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

டிரான்ஸ்ஃபரும் போர்ட்ஃபோலியோவும்

பல்கலைக்கழகம் போக நினைப்பவர்கள், எந்த வகுப்பு எங்கே ஏற்கப்படும் என்று முதல் செமஸ்டரிலேயே பார்க்க வேண்டும். காலிஃபோர்னியாவில் இதற்கென்றே அசிஸ்ட் என்ற இணையதளம் இருக்கிறது. உங்கள் கல்லூரியையும் போக விரும்பும் பல்கலைக்கழகத்தையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று வரிசையாகக் காட்டும். மற்ற மாநிலங்களில் கல்லூரிகளுக்கு இடையே உள்ள ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம்: கிரெடிட் ஏற்கப்படுவது வேறு, ஸ்டூடியோவில் எந்த ஆண்டில் உட்கார வைப்பார்கள் என்பது வேறு. இரண்டாவதைப் பல இடங்களில் போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். எல்லாக் கிரெடிட்டும் ஏற்றுக்கொண்டு, ஸ்டூடியோவில் மட்டும் முதலாம் ஆண்டு என்று சொல்லிவிடலாம்.

அதனால் செய்த எதையும் தூக்கிப் போடாதீர்கள், அசிங்கமான முதல் டிரேசிங் உட்பட. நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதைப் பார்க்கத்தான் அவர்களுக்கு ஆசை. பளபளப்பான கடைசிப் படம் எல்லோரிடமும் இருக்கும். கிரிட் முடிந்த அன்றே மாடலைப் படமெடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசி வாரத்தில் ஸ்டூடியோவைக் காலி செய்யும்போது மேசையில் மிஞ்சியதெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும். என் இரண்டாவது மாடல் அப்படித்தான் போனது, கைபேசியில் எடுத்த மங்கலான ஒரு படம் மட்டும் மிச்சம். வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், பின்னால் ஒரு சாம்பல் நிறத் தாள், ஃபிளாஷ் வேண்டாம். கேமராவை மாடலுக்குள் நிற்கும் ஆளின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி ஒரு படம், மேலிருந்து ஒரு படம். கால் அங்குல ஸ்கேலில் அந்தக் கண் மட்டம் மாடலின் தரையிலிருந்து ஒன்றேகால் அங்குலம் இருக்கும்.